குவெரி இழுக்கிறதா? போஸ்ட்கிரெஸில் புள்ளிவிவரக் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும்போது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பிளானர் (வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) டேபிளுக்குள் இருக்கும் வரிகளைப் படித்துப் பார்ப்பதில்லை. டேபிளிலிருந்து மாதிரி எடுத்துக் கணக்கிடும் அனலைஸ் கட்டளை கடைசியாக ஓடியபோது எழுதிவைத்த குறிப்புகளைப் புரட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு புலத்திலும் நல் (மதிப்பே இல்லாத இடம்) எத்தனை பங்கு, வெவ்வேறு மதிப்புகள் எத்தனை, அடிக்கடி வரும் மதிப்புகள் எவை, மற்றவை எப்படிப் பரவியிருக்கின்றன என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். பிஜி_ஸ்டாட்ஸ் என்ற வியூவில் நீங்களே அதைப் படிக்கலாம். குறிப்பு பழசாகிவிட்டாலோ போதாமல் போனாலோ பிளானர் தப்பான வழியைப் பிடிக்கும். பத்து மில்லிசெகண்டில் முடிய வேண்டிய குவெரி பத்து நிமிடம் ஓடும்.

இந்த மாதிரி நேரத்தில் பலர் முதலில் கைவைப்பது எனேபிள்_சீக்ஸ்கேன், எனேபிள்_நெஸ்ட்லூப் போன்ற, குறிப்பிட்ட வழிகளை அணைத்துவைக்கும் அமைப்புகளில்தான். அவற்றை அணைத்தால் அந்த ஒரு குவெரி சரியாகிவிட்டது போலத் தெரியும், அப்புறம் வேறு நான்கு குவெரி படுத்துவிடும். எண்ணிக்கை எங்கே தப்புகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதைச் சரிசெய்தால் பெரும்பாலும் பிளான் தானாகவே திருந்திவிடும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் (அனலைஸ், பஃபர்ஸ்) போட்டு ஓட்டுங்கள். இது பிளானை (பிளானர் தேர்ந்தெடுத்த வழியை) காட்டுவதோடு குவெரியை நிஜமாகவே ஓட்டும் என்பது நினைவில் இருக்கட்டும். அப்டேட், டிலீட் என்றால் பிகின் போட்டு ஆரம்பித்து, கடைசியில் ரோல்பேக் செய்துவிடுங்கள். வெளிவருவதில் தேவையானதை மட்டும் சுருக்கினால் இப்படி இருக்கும்:

நெஸ்டட் லூப் — கணிப்பு 3 வரி. உண்மை 41,200 வரி, 1 லூப்
→ இண்டெக்ஸ் ஸ்கேன், ஆர்டர்கள் — கணிப்பு 3 வரி. உண்மை 41,200 வரி, 1 லூப்
→ இண்டெக்ஸ் ஸ்கேன், வாடிக்கையாளர்கள் — கணிப்பு 1 வரி. உண்மை 1 வரி, 41,200 லூப்

நேரம் முழுவதையும் தின்பது மூன்றாவதாக உள்ள இண்டெக்ஸ் ஸ்கேன். ஆனால் குற்றவாளி அது இல்லை. ஒரு தடவைக்கு ஒரு வரி என்ற அதன் கணிப்பு சரியாகவே இருக்கிறது, பாவம் 41,200 தடவை ஓட வைத்துவிட்டார்கள். தப்பு இரண்டாவதாக உள்ள ஆர்டர்கள் ஸ்கேனில். மூன்றே வரிதான் வரும் என்று நம்பியதால் பிளானர் நெஸ்டட் லூப்பை, அதாவது முதல் டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் இரண்டாவதில் போய்த் தேடும் வழியை, எடுத்தது. நாற்பதாயிரம் வரும் என்று தெரிந்திருந்தால் ஹாஷ் ஜாயினுக்கு, அதாவது ஒரு டேபிளை நினைவகத்தில் அடுக்கிவைத்து மொத்தமாக இணைக்கும் வழிக்கு, போயிருக்கும். ஆகவே பிளானைக் கீழிருந்து மேலே படியுங்கள். கணிப்பும் உண்மையும் முதன்முதலில் பிரியும் இடம்தான் கவனிக்க வேண்டிய இடம். அதற்கு மேலே தெரியும் வித்தியாசமெல்லாம் அதன் வாரிசுகள்.

இங்கே சறுக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, உண்மை வரி எண்ணிக்கை ஒரு லூப்புக்கான சராசரி. மொத்தம் வேண்டுமென்றால் லூப் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இரண்டாவது, மேலே லிமிட் இருந்தால் கீழே உள்ள ஸ்கேன் பாதியிலேயே நின்றுவிடும். அப்போது கணிப்பு 50,000, உண்மை 10 என்று தெரிந்தாலும் அது கோளாறு இல்லை.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கவலைப்படலாம்? இரண்டு மூன்று மடங்கை நான் கண்டுகொள்வதில்லை. பத்து மடங்கு என்றால் எட்டிப் பார்ப்பேன். நூறு மடங்கைத் தாண்டினால் காரணம் கீழே உள்ளவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

அறிகுறி: டேட்டா ஏற்றியபின், மீட்டெடுத்தபின், பதிப்பு மாற்றியபின் எல்லாமே மந்தம்

குறிப்பே எழுதப்படவில்லை என்பதுதான் இங்கே வழக்கமான காரணம். பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் வியூவில் லாஸ்ட்_அனலைஸ், லாஸ்ட்_ஆட்டோஅனலைஸ் இரண்டும் காலியாக இருக்கிறதா, என்_மாட்_சின்ஸ்_அனலைஸ் (கடைசி அனலைஸுக்குப்பின் மாறிய வரிகள்) எகிறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அனலைஸ் ஓட்டுங்கள். அது ஓடும்போது டேபிளைப் படிப்பதும் எழுதுவதும் தடைபடாது, பகல் நேரத்திலும் தைரியமாக ஓட்டலாம்.

பதிப்பு மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேடு 17-ஆம் பதிப்பு வரை புள்ளிவிவரங்களைக் கூடவே கொண்டுவராது. 2025-இல் வந்த 18 கொண்டுவருகிறது, ஆனால் கூடுதல் புள்ளிவிவரம் கேட்கும் கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் கட்டளை போட்டு உருவாக்கியவற்றின் தரவு அதில் சேராது. பெரிய டேட்டாபேஸ் என்றால் வேக்யூம்டிபி கருவியின் அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் வசதி உதவும். முதலில் மிகக் குறைந்த அளவில் ஒரு தோராயக் குறிப்பு எழுதிவிட்டு, பிறகு படிப்படியாக முழு அளவுக்கு வரும். புள்ளிவிவரமே இல்லாத டேட்டாபேஸுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நல்ல குறிப்பு ஏற்கெனவே இருக்கும் இடத்தில் ஓட்டினால், கொஞ்ச நேரத்துக்கு மட்டமான குறிப்பு அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

பின்னணியில் தானாகவே அனலைஸ் ஓட்டும் ஆட்டோவேக்யூமை நம்பி ஏமாறும் இடங்களும் இருக்கின்றன. தற்காலிக டேபிள்கள் அதன் கண்ணுக்கே தெரியாது. டெம்ப் டேபிளில் லட்சக்கணக்கில் ஏற்றிவிட்டு உடனே ஜாயின் செய்கிறீர்கள் என்றால், நடுவில் ஓர் அனலைஸை நீங்களேதான் போட வேண்டும். பார்ட்டிஷன் செய்த டேபிளில் பார்ட்டிஷன்களை அது தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளும், தாய் டேபிளின் மொத்தப் புள்ளிவிவரத்தைத் தொடாது. அதற்கு, நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரானில் ஓர் அனலைஸ் வைத்துவிடுங்கள். சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தாலும் எத்தனை வரி மாறியது என்ற கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். அனலைஸ் ஓட வேண்டிய நேரம் வந்ததே ஆட்டோவேக்யூமுக்குத் தெரியாது.

அறிகுறி: பழைய தேதிகளுக்கு வேகம், நேற்று இன்று என்றால் மட்டும் மந்தம்

பிளானில் 1 வரி என்ற கணிப்பும் உண்மையில் லட்சக்கணக்கும் வந்தால் பெரும்பாலும் இதுதான். ஆட்டோவேக்யூம் ஒரு டேபிளை அனலைஸ் செய்யக் காத்திருக்கும் அளவு: 50 வரி, கூடவே டேபிளில் 10 சதவீதம். சின்ன டேபிளுக்கு இது பொருத்தம்தான். 10 கோடி வரி உள்ள டேபிளில் 10 சதவீதம் என்பது 1 கோடி. ஒரு நாளைக்கு 2 லட்சம் வரி சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த அனலைஸ் 50 நாள் கழித்துத்தான். அதுவரை மதிப்புகளின் பரவலைக் குறிக்கும் ஹிஸ்டோகிராமின் கடைசி எல்லை பழைய தேதியிலேயே நிற்கும். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று பிளானர் நினைத்துக்கொள்ளும்.

தேதிப் புலத்தில் பி-ட்ரீ (மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும்) இண்டெக்ஸ் இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். கேட்கும் மதிப்பு ஹிஸ்டோகிராமின் ஓரத்தில் விழும்போது, பிளானர் இண்டெக்ஸின் நுனியை எட்டிப் பார்த்து உண்மையான அதிகபட்சத்தைத் தெரிந்துகொள்ளும். பெரிது, சிறிது என்று வரம்பு கேட்கும் நிபந்தனைகளுக்குத்தான் இந்தச் சலுகை. சமம் என்று கேட்டால் கிடையாது. மொத்தமே அறுபது எழுபது பேட்ச் எண்கள் உள்ள புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவை எல்லாமே ‘அடிக்கடி வருபவை’ பட்டியலுக்குள் அடங்கிவிடும். இன்று ஏற்றிய புது பேட்ச் எண் பட்டியலில் இல்லை, பட்டியலுக்கு வெளியே எதுவும் மிச்சமும் இல்லை. அதனால் பிளானர் போடும் கணக்கு பூஜ்யம், காட்டுவது 1. நெஸ்டட் லூப் வந்து விழும் உன்னதமான சந்தர்ப்பம் இது.

தீர்வு, அந்த டேபிளுக்கு மட்டும் அளவைக் குறைப்பது:

ஆல்டர் டேபிள் நிகழ்வுகள் செட் (ஆட்டோவேக்யூம்_அனலைஸ்_ஸ்கேல்_ஃபேக்டர் = 0.001);

10 கோடியில் இது 1 லட்சம், அதாவது மேலே சொன்ன டேபிளுக்கு நாளுக்கு இரண்டு தடவை அனலைஸ். சர்வர் முழுவதற்கும் மாற்றத் தேவையில்லை. இரவு பேட்ச் ஏற்றும் வேலை என்றால் இதைவிட நேரடியான வழி, ஏற்றும் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக அனலைஸைச் சேர்த்துவிடுவது. ஏற்றிய கையோடு ரிப்போர்ட் ஓடுகிற இடத்தில் ஆட்டோவேக்யூம் விழிக்கும்வரை காத்திருக்க முடியாது.

அறிகுறி: ஒரே குவெரி, ஒரு வாடிக்கையாளருக்குப் பறக்கிறது, இன்னொருவருக்கு ஊர்கிறது

டேட்டா ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அடிக்கடி வரும் மதிப்புகளில் இயல்பாக 100 மட்டுமே பட்டியலில் ஏறும். மீதி எல்லோரும் சமம் என்று பிளானர் எடுத்துக்கொள்ளும். உங்களிடம் பெரிய வாடிக்கையாளர்கள் 600 பேர் இருந்தால், பட்டியலில் இடம் கிடைக்காத 500 பேருக்கும் ஒரே ஓர் ஆர்டர் போட்டுவிட்டுப் போனவருக்கும் ஒரே கணிப்புதான். பிஜி_ஸ்டாட்ஸில் மோஸ்ட்_காமன்_வேல்ஸ் பாருங்கள். மந்தமாகும் ஐடி அதில் இல்லையென்றால் சந்தேகம் உறுதி.

ஆல்டர் டேபிள் ஆர்டர்கள் ஆல்டர் வாடிக்கையாளர்_ஐடி செட் ஸ்டாடிஸ்டிக்ஸ் 1000;
அனலைஸ் ஆர்டர்கள்;

இரண்டாவது வரியை மறப்பவர்கள் நிறைய. அது ஓடாதவரை முதல் வரியால் ஒரு பலனும் இல்லை. அனலைஸ் எடுக்கும் மாதிரி, இந்த எண்ணைப்போல் 300 மடங்கு வரிகள். 100 என்றால் 30,000, 1000 என்றால் 3 லட்சம். உச்சவரம்பு 10,000. ‘அப்படியே எல்லாவற்றுக்கும் 10,000 வைத்துவிடலாமே’ என்று தோன்றும். வேண்டாம். அனலைஸ் நேரம் கூடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒவ்வொரு குவெரிக்கும் பிளான் போடும் நேரமும் கூடும். மில்லிசெகண்ட் குவெரிகள் ஆயிரக்கணக்கில் ஓடும் இடத்தில் அது உறைக்கும். சாய்வு உள்ள புலத்துக்கு மட்டும் ஏற்றுங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு முகம் உண்டு. அப்ளிகேஷனிலிருந்து போனால் மந்தம், அதே குவெரியைப் போஸ்ட்கிரெஸின் பிஎஸ்கியூஎல் கட்டளைத் திரையில் கையால் ஒட்டினால் வேகம். இன்னும் விநோதமாக, கனெக்ஷன் திறந்ததும் முதல் ஐந்து தடவை வேகம், ஆறாவதிலிருந்து மந்தம். இது, குவெரியை ஒருமுறை தயாரித்துவைத்து மதிப்புகளை மட்டும் மாற்றி ஓட்டும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டின் வேலை. முதல் ஐந்து தடவையும் கொடுத்த மதிப்பைப் பார்த்துப் பிளான் போடும். அதற்குப்பின், மதிப்பைப் பாராத பொதுப் பிளானின் செலவு அந்த ஐந்தின் சராசரியைவிடப் பெரிதாக அதிகமில்லை என்றால், அதற்கே மாறிவிடும். சாய்ந்த டேட்டாவுக்குப் பொதுப் பிளான் ஒத்துவராது. அந்தக் குவெரி ஓடும் செஷனில் பிளான்_கேஷ்_மோட் அமைப்பை ஃபோர்ஸ்_கஸ்டம்_பிளான் என்று வையுங்கள். புள்ளிவிவரத்தை எவ்வளவு செப்பனிட்டாலும் இந்தக் கோளாறு அதனால் தீராது.

அறிகுறி: இரண்டு நிபந்தனை சேர்ந்தால் கணிப்பு அடியோடு சரிகிறது

ஒவ்வொரு நிபந்தனையையும் தனியாகப் போட்டால் கணிப்பு கச்சிதம். சேர்த்துப் போட்டால் தரைமட்டம். புலங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று பிளானர் அனுமானித்து, பங்குகளைப் பெருக்கிவிடுவதால் வருவது இது.

வாகனங்கள் டேபிளில் 1 கோடி வரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு தயாரிப்பாளரின் பங்கு ஐம்பதில் ஒன்று, அதாவது 2 லட்சம். அவர்களுடைய ஒரு மாடலின் பங்கு ஐந்நூறில் ஒன்று, 20,000. அந்த மாடல் வேறு யாரிடமும் கிடையாது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கேட்டாலும் விடை 20,000தான். பிளானர் சொல்வதோ 400. ஐம்பது மடங்கு குறைவு. இதோடு நிறம், வருடம் என்று இன்னும் இரண்டு நிபந்தனை சேர்ந்தால் கணிப்பு 1-க்கு வந்து நிற்கும்.

கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் வாகன_தொடர்பு (டிபென்டன்சீஸ், எம்சிவி) ஆன் தயாரிப்பாளர், மாடல் ஃப்ரம் வாகனங்கள்;
அனலைஸ் வாகனங்கள்;

இந்தக் கட்டளை 10-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, எம்சிவி வகை மட்டும் 12-இல் வந்தது. இரண்டுக்கும் குணம் வேறு. டிபென்டன்சீஸ் என்பது ‘மாடல் தெரிந்தால் தயாரிப்பாளர் தெரிந்த மாதிரி’ என்ற ஒற்றைத் தகவல். இடம் அடைக்காது, ஆனால் சமம், இன் போன்ற நிபந்தனைகளுக்கு மட்டுமே உதவும். இன்னொரு குறையும் உண்டு. ஒரு தயாரிப்பாளரையும் வேறொருவரின் மாடலையும் ஜோடி சேர்த்துக் கேட்டால், நிஜத்தில் ஒரு வரிகூட வராது, ஆனால் டிபென்டன்சீஸ் 20,000 என்று சொல்லும். எம்சிவி அடிக்கடி வரும் ஜோடிகளையே பட்டியலாக வைத்திருப்பதால் அப்படி ஏமாறாது, வரம்பு நிபந்தனைகளுக்கும் பயன்படும். ஜோடிகள் ஆயிரக்கணக்கில் சமமாகப் பரவியிருந்தால் அதன் பட்டியலில் பாதிகூட அடங்காது. என் கணக்கில், எது பொருந்தும் என்று தெரியாதபோது இரண்டையும் கேட்டு வாங்கிவிடுவதே மேல்.

எல்லாப் புல ஜோடிகளுக்கும் இதை உருவாக்கிக் குவிக்க வேண்டாம். எக்ஸ்ப்ளெய்னில் அடிவாங்கிய ஜோடிக்கு மட்டும் போதும். சேர்ந்து வரும் புலங்கள் இரண்டு வெவ்வேறு டேபிள்களில் இருந்தால் இதனால் பயனில்லை, ஒரு கட்டளை ஒரு டேபிளுக்குள்தான் வேலை செய்யும்.

அறிகுறி: குரூப் பை நினைவகத்தைத் தின்கிறது அல்லது பெரிய டேபிளில் சமம் என்று கேட்டால் கணிப்பு மிகையாக வருகிறது

வெவ்வேறு மதிப்புகள் எத்தனை என்ற கணக்கு, அதாவது என்_டிஸ்டிங்க்ட், தவறியிருக்கும். பிஜி_ஸ்டாட்ஸில் அது நேர்ம எண்ணாக இருந்தால் எண்ணிக்கை. எதிர்ம எண்ணாக இருந்தால் மொத்த வரிகளில் பங்கு. -1 என்றால் எல்லாமே தனித்தவை.

இது தவறும் விதம் சுவாரசியமானது. ஆர்டர் விவர டேபிளில் 10 கோடி வரி, 50 லட்சம் ஆர்டர், ஆர்டருக்கு 20 வரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அனலைஸ் முதலில் 30,000 பக்கங்களை (வட்டில் வரிகள் அடுக்கிவைக்கப்படும் துண்டுகளை) தேர்ந்தெடுக்கும், அந்தப் பக்கங்களுக்குள்ளிருந்து 30,000 வரிகளை எடுக்கும். ஒரே ஆர்டரின் 20 வரிகளும் ஒன்றாக ஏற்றப்பட்டவை, பெரும்பாலும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும். அதனால் மாதிரியில் ஒரே ஆர்டர் எண் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ‘இவ்வளவு அடிக்கடி திரும்புகிறதே, அப்படியானால் மொத்தமே கொஞ்சம் ஆர்டர்தான் போலிருக்கிறது’ என்று கணக்கு போய்விடும். 50 லட்சம் வர வேண்டிய இடத்தில் ஒன்றிரண்டு லட்சம் என்று நிற்கும். அதே டேட்டா டேபிள் முழுக்கச் சிதறிக் கிடந்திருந்தால், அதே 30,000 வரியிலிருந்தே உண்மைக்கு அருகில் வந்திருக்கும்.

விளைவு இரண்டு விதம். ஓர் ஆர்டருக்கு 20 வரி என்பதற்குப் பதிலாக ஐந்நூறு அறுநூறு என்று பிளானர் நினைக்கும், இண்டெக்ஸ் வழியாகச் சட்டென்று எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு ஹாஷ் ஜாயினுக்குப் போகும். குரூப் பை செய்தால் குழுக்கள் கொஞ்சம்தான் என்று, எல்லாக் குழுக்களையும் நினைவகத்தில் வைத்துக் கணக்கிடும் ஹாஷ் அக்ரிகேட்டைத் தொடங்கும். 13-ஆம் பதிப்பிலிருந்து ஒர்க்_மெம் என்ற நினைவக எல்லையைத் தாண்டியதும் வட்டுக்கு இறக்கிவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நினைவகத்தை வளைத்துப்போட்டுக்கொண்டே போகும்.

செட் ஸ்டாடிஸ்டிக்ஸை ஏற்றினால் ஓரளவு திருந்தும். விகிதம் உங்களுக்கே தெரியும் என்றால் நேராகச் சொல்லிவிடுவது நல்லது:

ஆல்டர் டேபிள் ஆர்டர்_விவரம் ஆல்டர் ஆர்டர்_ஐடி செட் (என்_டிஸ்டிங்க்ட் = -0.05);
அனலைஸ் ஆர்டர்_விவரம்;

50 லட்சத்தை 10 கோடியால் வகுத்தால் 0.05. எதிர்ம எண்ணாகக் கொடுத்தால் டேபிள் வளரும்போது எண்ணிக்கையும் கூடவே வளரும். 5000000 என்று கொடுத்தால் அப்படியே உறைந்து நிற்கும். இங்கேயும் அனலைஸ் ஓடினால்தான் அமலுக்கு வரும்.

குரூப் பையில் இரண்டு புலங்கள் சேர்ந்து வந்து எண்ணிக்கை தவறினால், அதற்கு கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸில் என்டிஸ்டிங்க்ட் என்ற தனி வகை இருக்கிறது.

அறிகுறி: கணிப்பு எப்போதும் டேபிளில் 0.5 சதவீதம் அல்லது மூன்றில் ஒரு பங்கு

1 கோடி வரி டேபிளில் கணிப்பு சரியாக 50,000 என்று வந்தால், பிளானரிடம் ஒன்றுமே இல்லை, இயல்பெண்ணைப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். சமம் என்றால் 0.5 சதவீதம், பெரிது சிறிது என்றால் மூன்றில் ஒன்று. லோயர்(மின்னஞ்சல்) என்றோ ஜேசான்பி வகைப் புலத்துக்குள்ளிருந்து ஒரு சாவியை எடுத்தோ ஒப்பிடுகிறீர்களா? புலத்துக்குப் புள்ளிவிவரம் உண்டு, ஃபங்ஷன் போட்ட வடிவத்துக்குக் கிடையாது. அந்தக் கோவைக்கு ஓர் இண்டெக்ஸ் உருவாக்கி அனலைஸ் ஓட்டினால் கிடைத்துவிடும். இண்டெக்ஸ் தேவையில்லை என்றால் 14-ஆம் பதிப்பிலிருந்து கோவைக்கு மட்டும் கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் போடலாம். டேட்_ட்ரங்க் போட்டு மாதத்தை ஒப்பிடும் குவெரிகளுக்கு இது எதுவும் வேண்டாம். மாதத் தொடக்கம், அடுத்த மாதத் தொடக்கம் என்று வரம்பாக மாற்றி எழுதுங்கள், இருக்கிற ஹிஸ்டோகிராமே போதும்.

அறிகுறி: கணிப்பு சரி, ஆனாலும் தேர்ந்தெடுத்த வழி தப்பு

இங்கே புள்ளிவிவரத்தைத் தொடாதீர்கள். வட்டில் அங்கங்கே இருக்கும் பக்கத்தைப் படிக்கும் செலவைச் சொல்லும் ராண்டம்_பேஜ்_காஸ்ட் இன்னும் 4-இலேயே இருக்கிறதா பாருங்கள். சுழலும் வட்டுக் காலத்து எண் அது. எஸ்எஸ்டியில் 1.1 அளவுக்குக் கொண்டுவருவது பரவலான வழக்கம். கேஷுக்குக் கிடைக்கும் நினைவகம் எவ்வளவு என்று பிளானருக்குச் சொல்லும் எஃபெக்டிவ்_கேஷ்_சைஸ் இயல்பாக 4 ஜிபி. சர்வரில் 64 ஜிபி இருந்தால் பிளானருக்கும் அதைத் தெரியப்படுத்துங்கள். எனேபிள்_சீக்ஸ்கேனை ஒரு செஷனில் மட்டும் அணைத்து, மற்ற வழியின் செலவு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கான்ஃபிக் கோப்பில் எழுதிவிட்டு மறந்துபோவதுதான் தப்பு.

அறிகுறி: ஆர்டர் பையும் சின்ன லிமிட்டும் சேர்ந்தால் மட்டும் உயிரை வாங்குகிறது

லிமிட் 1000 போட்டால் வேகம், லிமிட் 10 போட்டால் மந்தம் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். நிலை ‘தோல்வி’ என்று உள்ள கடைசி பத்து வரிகளை ஐடி வரிசையில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலை = ‘தோல்வி’ உள்ள வரிகள் டேபிள் முழுக்கச் சீராகக் கலந்திருக்கும் என்பது பிளானரின் எண்ணம். ஐடி இண்டெக்ஸில் கடைசியிலிருந்து நடந்துபோனால் சீக்கிரமே பத்து கிடைத்துவிடும் என்று அதில் இறங்கும். தோல்விகள் எல்லாம் இரண்டு வருடம் முந்தைய டேட்டாவில் இருந்தால், பாதி டேபிளைக் கடந்த பிறகுதான் முதல் வரியே சிக்கும். நிலைக்கும் ஐடிக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருப்பதைச் சொல்ல எந்தப் புள்ளிவிவரத்திலும் இடமில்லை, கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸாலும் இது திருந்தாது. (நிலை, ஐடி) என்று இரண்டும் சேர்ந்த இண்டெக்ஸ் போடுங்கள். இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை தாக்குப்பிடிக்க, ஆர்டர் பை ஐடி என்பதை ஆர்டர் பை ஐடி + 0 என்று மாற்றினால் போதும். அந்த இண்டெக்ஸ் வழியே வரிசையாக நடக்கும் யோசனையைப் பிளானர் கைவிட்டு, நிலையை வைத்து முதலில் வடிகட்டிவிட்டுப் பிறகு வரிசைப்படுத்தும்.